வீட்டில் தேறி வருபவருக்குக் குழைவான சாப்பாடு: ராமநாதபுரம் கடற்கரை அடுப்படிக்கு ஒரு முழு வழிகாட்டி

மதுரையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ டிஸ்சார்ஜ் ஆகி வரும்போது கையில் மாத்திரைப் பை கனமாக இருக்கும். எந்த மாத்திரை எப்போது என்று தாளில் வரிவரியாக எழுதித் தந்திருப்பார்கள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஒரே வரி: "கொஞ்ச நாளைக்குக் குழைவா கொடுங்க." வீட்டுக்கு வந்ததும் கஞ்சி வைக்கிறோம். மறுநாளும் கஞ்சி. பார்க்க வருகிறவர்கள் பன்னும் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கி வருகிறார்கள். இரண்டு வாரத்தில் தையல் ஆறிவிடுகிறது, ஆள் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கழிவறைக்குப் போக முடிகிறது.

கஞ்சி மேல் குற்றமில்லை, அதில் ஒன்றும் போடாததுதான் குற்றம். 50 கிராம் அரிசியைத் தண்ணீர் நிறைய விட்டுக் காய்ச்சினால் கிடைப்பது சுமார் 175 கலோரியும் 4 கிராமுக்குக் குறைவான புரதமும். அறுவை சிகிச்சையிலிருந்தோ பெரிய காய்ச்சலிலிருந்தோ தேறுகிறவருக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான மருத்துவக் கணக்கு. 50 கிலோ எடை என்றால் 60 கிராமுக்குக் குறையக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு, அதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு அந்த 60 கிராமை மெல்லாமல் விழுங்கக்கூடிய சாப்பாட்டுக்குள் எப்படிக் கொண்டு வருவது என்பதுதான் இங்கே பேச்சு. கடல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவு கஷ்டமும் இல்லை.

முதல் படி: தடை எங்கே என்று பாருங்கள்

வாயிலா, தொண்டையிலா, வயிற்றிலா? அடுப்பு பற்ற வைப்பதற்கு முன் இதற்குப் பதில் தெரிய வேண்டும். ஏனென்றால் ஒருவருக்கு நல்லது இன்னொருவருக்கு ஆபத்து.

பல் பிடுங்கியவர், தாடையில் அடிபட்டவர், பல்செட் இல்லாத தாத்தா, இவர்களுக்கு மெல்லத்தான் முடியாது. விழுங்குவதில் ஒரு சிக்கலும் இல்லை. நசுக்கிக் கொடுத்தால் எதையும் சாப்பிடுவார்கள். பல் பிடுங்கிய முதல் நாள் சூடாக எதுவும் வேண்டாம், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சவே கூடாது. உறிஞ்சினால் பல் இருந்த குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்து வலி கூடிவிடும். இளநீர் வெட்டித் தருகிறவர் பழக்கத்தில் ஸ்ட்ராவைச் செருகிவிடுவார், சொல்லி டம்ளரில் ஊற்றி வாங்குங்கள். கடுகு, எள் மாதிரிச் சின்ன விதைகள் குழிக்குள் போய் உட்காராமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

வாய்ப்புண், புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வரும் வாய் எரிச்சல், டான்சில் அறுவை சிகிச்சை என்றால் புளி, தக்காளி, எலுமிச்சை, மிளகாய் எல்லாம் எரியும். ரசம் கொடுக்கிறேன் என்று வதைக்காதீர்கள். இவர்களுக்கு வெதுவெதுப்பாகவோ குளிர்ச்சியாகவோ இருப்பது இதம்.

வயிற்று அறுவை சிகிச்சை என்றால் எப்போது தண்ணீர், எப்போது கஞ்சித் தெளிவு, எப்போது சோறு என்பதை மருத்துவர் படிப்படியாகச் சொல்வார். அந்த வரிசையை நாம் முந்தக் கூடாது. நார்ச்சத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் கீரையும் தோல் உள்ள பயறும் அப்புறம்தான். பித்தப்பை, கணையக் கோளாறு என்றால் நெய், தேங்காய்ப் பால் இரண்டுக்கும் கேட்காமல் கை வைக்க வேண்டாம். கீழே நான் தாராளமாகத் தேங்காய்ப் பால் ஊற்றச் சொல்லும் இடமெல்லாம் அவர்களுக்குப் பொருந்தாது.

தொண்டைதான் ரொம்பக் கவனம் கேட்பது. பக்கவாதம் வந்தவர்கள், நடுக்குவாத நோயாளிகள், தலையில் அடிபட்டவர்கள் சிலருக்கு விழுங்கும் தசைகள் சரியாக வேலை செய்யாது. சாப்பாடு உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, நுரையீரலில் சளிக்காய்ச்சலாக முடியும். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டதும் குரல் கரகரவென்று ஈரமாக ஒலிப்பது, மூக்கு வழியே சாப்பாடு வருவது, கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்வது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. படுக்கையோடு இருப்பவர் என்றால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

இரண்டாம் படி: பதம் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தண்ணியாக இருந்தால் சுலபமாக இறங்கும் என்று நினைக்கிறோம். தொண்டை பலவீனமானவருக்குத் தண்ணிதான் முதல் எதிரி, அது வேகமாக ஓடி தவறான வழியில் இறங்கிவிடும். அதைவிட மோசம், அடியில் பருக்கையும் மேலே தெளிந்த தண்ணியுமாகப் பிரிந்து நிற்கும் கஞ்சி. வாய் பருக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தண்ணி தனியாக ஓடிவிடுகிறது. நம் வீடுகளில் நோயாளிக்கு முதலில் நீட்டுவது அதைத்தான்.

விழுங்கும் சிரமத்துக்கென்று உலக அளவில் 0 முதல் 7 வரை ஒரு பத அளவுகோல் இருக்கிறது, ஐ.டி.டி.எஸ்.ஐ. என்பார்கள். அதில் நமக்கு வேண்டியது மூன்று. நாலாம் நிலை மசியல்: கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் மொத்தமாக ஒரே கட்டியாக விழ வேண்டும், கரண்டியில் பசையாக ஒட்டி நிற்கவும் கூடாது, தட்டில் தண்ணி பிரியவும் கூடாது. ஐந்தாம் நிலை பொடியாக நறுக்கி ஈரமாக்கியது: பெரியவர்களுக்குத் துண்டு 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆறாம் நிலை மெத்தென்ற சிறு துண்டு: 1.5 சென்டிமீட்டர் வரை. துண்டு போதுமான அளவு வெந்திருக்கிறதா என்று பார்க்க, கரண்டியின் பின்பக்கத்தால் கட்டைவிரல் நகம் வெளுக்கும் வரை அழுத்துங்கள். நசுங்கிய துண்டு கையை எடுத்ததும் மீண்டும் எழும்பாமல் இருந்தால் சரி. நிலை எது என்பதை மருத்துவரோ, பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி தரும் சிகிச்சையாளரோ சொல்லட்டும், பதத்தைப் பிடிப்பது நம் கையில்.

இரண்டு விஷயம் மறக்காதீர்கள். கஞ்சி ஆற ஆற இறுகும், அதனால் அடுப்பில் இருக்கும்போது பதம் பார்ப்பதில் பயனில்லை, கொடுக்கும் சூட்டில் பாருங்கள். வாய்க்குப் போன கரண்டியை அதே கிண்ணத்தில் திரும்பத் திரும்ப விட்டால் எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தைக் கரைத்துக் கஞ்சியை நீர்க்க வைத்துவிடும். பாதிக் கிண்ணத்தில் திடீரென்று தண்ணியாகிப் போவது இதனால்தான். பெரிய கிண்ணத்திலிருந்து சின்னக் கிண்ணத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுங்கள்.

மூன்றாம் படி: நல்ல தண்ணியும் அடிப்படைக் கஞ்சியும்

நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணியில் பருப்பு வேகாது என்பது எல்லோருக்கும் தெரியும். உப்பும் கடினமும் கூடிய தண்ணியில் கால்சியமும் மக்னீசியமும் பருப்பை இறுக்கிவிடும், எத்தனை விசில் விட்டாலும் நடுவில் ஒரு கல் நிற்கும். நோயாளி சமையலுக்கு மட்டுமாவது குடம் கணக்கில் வாங்கும் நல்ல தண்ணியையோ காவிரிக் குடிநீரையோ ஒதுக்கி வையுங்கள். வழி இல்லையென்றால் பருப்பை நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணியைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த உப்புத் தண்ணி சமையலே வேண்டாம்.

அடிப்படைக் கஞ்சிக்கு அரை டம்ளர் அரிசியை வாசனை வர வறுத்து, மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டுக் குருணையாக்குங்கள். கால் டம்ளர் பாசிப்பருப்பு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், நாலு பல் பூண்டு. இவை எல்லாம் குக்கரில் போய், ஆறு டம்ளர் தண்ணி, ஐந்து விசில், பிறகு சின்னத் தீயில் பத்து நிமிடம். ஆவி அடங்கியதும் மத்தால் நன்றாகக் கடையுங்கள். மிக்ஸியில் அடித்தால் பசைபோல் இழுக்கும், அவசியம் என்றால் சூடாக இருக்கும்போது கொஞ்சம் வெந்நீர் விட்டு அடியுங்கள். அடுப்பை அணைத்த பிறகு அரை டம்ளர் கெட்டித் தேங்காய்ப் பாலும் உப்பும் சேருங்கள். இது இரண்டு பேருக்கு, அல்லது ஒருவருக்கு இரண்டு வேளைக்கு. இரண்டாம் வேளைக்குள்ளதை ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

சித்திரைக்கார் சிவப்பரிசி வீட்டில் இருந்தால் அதிலும் வைக்கலாம், ருசி தனி. தவிடு இருப்பதால் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, விசிலையும் கூட்ட வேண்டும். வயிற்று அறுவை சிகிச்சை செய்தவருக்கு ஆரம்பத்தில் வேண்டாம்.

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் இந்தக் கஞ்சியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நோன்புக் கஞ்சியே கிட்டத்தட்ட ஒரு முழுச் சாப்பாடு: குருணை, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, கொத்துக்கறி, புதினா, தேங்காய்ப் பால். நோன்பு மாதத்துக்கு மட்டும் என்று ஏன் வைத்திருக்க வேண்டும்? நோயாளிக்கு வைக்கும்போது பட்டை, கிராம்பு, பச்சைமிளகாயைச் சிறு துணியில் முடிந்து போட்டுக் கடைசியில் எடுத்துவிடுங்கள். கறியைத் தனியாக வேகவைத்து மிக்ஸியில் பூப்போல அரைத்துச் சேருங்கள். 50 கிராம் கறி சேர்த்தாலே சுமார் 10 கிராம் புரதம் கூடிவிடும். பள்ளிவாசலில் வாங்கி வரும் கஞ்சியையும் கொடுக்கலாம். மசாலாத் துண்டுகளை வடிகட்டி, கொதிக்கவிட்டு, இன்னும் ஒரு தரம் கடைந்துவிட்டுக் கொடுங்கள்.

நான்காம் படி: மீன்

இங்கேதான் நமக்கு மற்ற ஊர்க்காரர்களைவிட வசதி. மீன் சதையில் இணைப்புத் திசு குறைவு, அதனால் பத்து நிமிட ஆவியில் வெந்து உதிர்ந்துவிடும். ஆட்டுக்கறி அப்படி வராது. 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம் புரதம் இருக்கிறது.

எந்த மீன்? நோயாளிக்கு என்று கேட்டால் மீன்காரம்மா கிழங்கானைத்தான் எடுத்துப் போடுவார். வெள்ளைச் சதை, கவிச்சி குறைவு, வயிற்றுக்கு லேசு. எல்லாம் சரி. ஆனால் அதில் மெல்லிய முள் இருக்கிறது. பொறுமையாக முள் எடுக்க ஆள் இருக்கும் வீட்டுக்கு மட்டும் கிழங்கான். இல்லையென்றால் விளமீன், பாறை மாதிரி கொஞ்சம் பெரிய மீனின் நடுத்துண்டு வாங்குங்கள், முள் பெரிதாக இருப்பதால் கண்ணுக்கும் கைக்கும் தப்பாது. காரல் மீன் சாறு மருந்து மாதிரி என்பார்கள். சாறு மட்டும்தான், துணியில் வடிகட்டி எடுத்தது. காரல் சதையை நோயாளிக்கு ஊட்டப் பார்ப்பது முள்ளோடு சூதாடுவது.

செய்முறை சுலபம். மீனில் மஞ்சளும் உப்பும் தடவி, இட்லிப் பானையில் தட்டு வைத்து எட்டிலிருந்து பத்து நிமிடம் அவியுங்கள். ஆறியதும் தோலை உரித்து, சதையைக் கழுவிய விரல்களால் ஒரு தடவை உதிர்த்து முள் பாருங்கள். வெள்ளைத் தட்டில் பரப்பி இரண்டாம் தடவை பாருங்கள். முடிந்தால் இரண்டாம் தடவை வேறு ஆள் பார்க்கட்டும். பிறகு அவித்த தட்டில் இறங்கிய சாற்றையும் தேங்காய்ப் பாலையும் விட்டுக் கரண்டியால் மசியுங்கள். உலர்ந்த மீன்தூள் தொண்டையில் ஒட்டும், ஈரம் இருக்க வேண்டும். மண்டபம் பக்கம் இலங்கைத் தொடர்புள்ள வீடுகளில் வைக்கும் சொதி இதற்கு ஏற்ற துணை: சின்ன வெங்காயம், பூண்டு, வெந்தயம், மஞ்சள், தேங்காய்ப் பால், எலுமிச்சை சில துளி. வாய்ப்புண் இருந்தால் எலுமிச்சையை விட்டுவிடுங்கள்.

பால் சுறாப் புட்டுக்கு முள் பயமில்லை என்று பலர் நினைப்பது சரிதான், சுறாவுக்கு இருப்பது குருத்தெலும்பு. அதை முழுதாக எடுத்துவிட்டால் சதை மெத்தென்று உதிரும். ஆனால் புட்டு என்பது உலர்வானது, எண்ணெயும் மிளகாயும் கூட. தேங்காய்ப் பால் விட்டு ஈரமாக்கிக் கொடுங்கள். பெரிய சுறாக்களில் பாதரசம் சேர்வது அதிகம் என்பதால் கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சின்னப் பிள்ளைகள் சுறாவைத் தவிர்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு என்பது நம் ஊர்ப் பழக்கம், தெரியும். சின்னக் குட்டிச் சுறாவாக, எப்போதாவது என்று வைத்துக்கொள்வது நல்லது.

நண்டு ரசம் சளிக்கு இதம். ஓட்டுச் சில்லு ஒன்று கிடந்தாலும் தொண்டையைக் கிழிக்கும், மெல்லிய வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டுங்கள். கணவாய் வேண்டாம், வேக்காடு கொஞ்சம் தப்பினாலும் ரப்பர்தான். இறாலை அரைத்துக் கஞ்சியில் கலக்கலாம்.

புதிதாக இருக்கிறதா என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரைக்கு வரும். மற்ற நாட்களில் நாட்டுப்படகு மீன். விசைப்படகு மீன் வராத நாளில் விசைப்படகு மீன் என்று கூடையில் இருந்தால் அது எப்போதையது என்று கேளுங்கள். சூரை, சாளை, அயலை போன்றவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். வேகவைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தலைவலித்து, வாந்தி வரும். தேறி வருகிறவருக்கு அந்தச் சோதனை எதற்கு? இந்த வகைகளைப் படகிலிருந்து இறங்கியதும் வாங்கினால் மட்டும் கொடுங்கள்.

ஐந்தாம் படி: மீன் இல்லாத நாட்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். மீன் குறையும், விலை ஏறும். சைவ வீடுகளுக்கோ எல்லா நாளும் தடைக்காலம்தான். அப்போது முட்டையும் பருப்பும் பாலும் தயிரும்.

முட்டையை அவித்து நசுக்கினால் மஞ்சள்கரு மாவுபோல் அடைக்கும். ஆவி முட்டை செய்து பாருங்கள்: இரண்டு முட்டையை நுரைக்காமல் அடித்து, அதைப்போல ஒன்றரை மடங்கு பாலோ ஆறிய பருப்புத் தண்ணியோ கலந்து வடிகட்டி, கிண்ணத்தை மூடி, இட்லிப் பானையில் சின்னத் தீயில் பன்னிரண்டு நிமிடம். தீ கூடினால் ஓட்டை ஓட்டையாகித் தண்ணி விடும். சரியாக வந்தால் கரண்டி பட்டதும் நடுங்கும். ஒரு கிண்ணத்தில் 12 கிராம் புரதம், பால் விட்டால் இன்னும் கொஞ்சம். அரைவேக்காட்டு முட்டை வேண்டாம், கிருமித் தொற்றைத் தாங்கும் நிலையில் நோயாளி இல்லை.

உளுந்தங்களி நம்மிடம் இருக்கும் நல்ல மருந்துச் சாப்பாடு: உளுந்து மாவு, கருப்பட்டிப் பாகு, நல்லெண்ணெய். எடை இழந்தவருக்கு நாலு கரண்டியில் நிறையக் கலோரி. ஒட்டும் என்பதால் தொண்டைச் சிரமம் உள்ளவருக்கு ஆகாது. கருப்பட்டியும் சர்க்கரைதான், நீரிழிவுக்காரருக்கு அதில் சலுகை கிடையாது.

ஆட்டுக்கால் சூப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். காசு கொடுத்து வாங்கி, மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, அதையே பெரிய சத்து என்று கொடுக்கிறோம். அதில் இருப்பது பெரும்பாலும் ஜெலட்டின். தசையைக் கட்டத் தேவையான சில அமினோ அமிலங்கள் அதில் குறைவு. சூடாக உள்ளே போவதற்கு நல்லது, பசியைத் தூண்டும், தண்ணீர்ச் சத்துக்கு ஆகும். கறிக்கும் முட்டைக்கும் பதிலாக அதை எண்ணிக்கொள்ள வேண்டாம். ஹார்லிக்ஸ் பாட்டிலும் அப்படித்தான், பாலில் கலந்தால் பாலின் சத்து, வெந்நீரில் கலந்தால் இனிப்பு.

பன்னை டீயில் நனைத்துக் கொடுப்பது வாய் சிக்கல் உள்ளவருக்குச் சரி. தொண்டைச் சிக்கல் என்றால் ரொட்டி வகை கட்டியாக உருண்டு அடைக்கும். இட்லிக்கும் இதே எச்சரிக்கை, சாம்பாரிலோ பாலிலோ முழுக்க ஊறி உடைந்து குழைந்த பிறகுதான். இடியாப்பத்தைத் தேங்காய்ப் பாலில் ஊறவைத்து நசுக்கினால் அழகாக வரும்.

ஆறாம் படி: காய், பழம், பனை

சுரைக்காய், பூசணி, விதை எடுத்த புடலை, கேரட், உருளைக்கிழங்கு. குக்கரில் பருப்போடு போட்டுக் கடைந்தால் வேலை முடிந்தது. முருங்கைக்கீரையை அப்படியே போட்டால் நார் வாயில் ஒட்டும், அவித்து அரைத்து வடிகட்டிச் சாறாக்குங்கள். இதய வால்வு மாற்றி வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் குலைத்துவிடும்.

பப்பாளி, கனிந்த வாழைப்பழம், சப்போட்டா, சீசனில் நாரில்லாத மாம்பழம். ஆப்பிளைப் பச்சையாகக் கொடுக்காமல் ஆவியில் வேகவைத்து மசியுங்கள், வந்தவர்கள் வாங்கி வந்ததற்கும் ஒரு பயன் இருக்கும்.

நுங்கு கோடைக்கு ஏற்றது, தோல் நீக்கி நசுக்கிக் கொடுத்தால் வாய்ப்புண்ணுக்குக் குளிர்ச்சி. வழுக்கிக்கொண்டு ஓடுவதால் தொண்டை பலவீனமானவருக்கு நுங்கும் சவ்வரிசியும் கூடாது. பனங்கிழங்கு நார், அது தேறிய பிறகு. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் கேட்காமல் கொடுக்க வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் இளநீரை நம்பியிராமல் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவுத் தண்ணியில் கரைத்துக் கொடுங்கள். பொட்டலம் கிடைக்காத ராத்திரியில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணிக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி அளந்து.

ஏழாம் படி: வாய்க்கு ருசி

"வாய்க்கு ஒண்ணுமே விளங்கலயேம்மா" என்பது எல்லா நோயாளியும் சொல்வது. மருந்தும் காய்ச்சலும் நாக்கைக் கெடுத்திருக்கும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் குண்டு மிளகாய் இல்லாமல் இந்தப் பக்கத்து நாக்குக்குச் சாப்பாடு சாப்பாடாகவே படாது. ஆனாலும் அது கொஞ்ச நாள் டப்பாவில் இருக்கட்டும். வறுத்து அரைத்த சீரகம், நெய்யில் பொரித்து நொறுக்கிய கறிவேப்பிலை, இஞ்சிச் சாறு, புதினா, பூண்டு, வாய்ப்புண் இல்லாதவருக்கு மிளகுத்தூள் ஒரு சிட்டிகை. கருவாடு கேட்பார்கள். உப்பைப் பார்த்தால் மனசு வராது, கெஞ்சுவதைப் பார்த்தாலும் மனசு வராது. ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம் மூன்றும் சரி என்றால் ஊறவைத்துக் கழுவிய நெத்திலிக் கருவாட்டில் இரண்டைப் பருப்போடு வேகவைத்து அரைத்துக் கடைந்துவிடுங்கள், மணம் போதும் அவர்களுக்கு.

எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்து ஒரே நிறத்தில் கொடுக்காதீர்கள். மீன் தனி, பூசணி தனி, சோறு தனி. தட்டில் பார்த்ததும் எது எது என்று தெரிந்தால் இரண்டு வாய் கூடப் போகும்.

எட்டாம் படி: நாளைப் பிரிப்பது

மூன்று வேளை முழுத்தட்டு நடக்காது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை சின்னக் கிண்ணம். காலையில் எழுந்ததும் பால் ஒரு டம்ளர் (தைராய்டு மாத்திரை எடுப்பவருக்குப் பால் தள்ளிப் போகட்டும்), எட்டரைக்கு ஊறிய இட்லியோடு ஆவி முட்டை, பதினொன்றுக்கு பப்பாளியும் தயிரும் அடித்தது, ஒரு மணிக்குக் குழைந்த சோறு, மசித்த மீன், சுரைக்காய்க் கடையல், நாலு மணிக்கு உளுந்தங்களியோ கேப்பைக் கூழோ பாலோடு, ஏழரைக்குப் பருப்புக் கஞ்சி, படுக்கும் முன் பால். இரண்டு முட்டை, 100 கிராம் மீன், 400 மில்லி பால், ஒரு கிண்ணம் தயிர், ஒரு கைப்பிடி பருப்பு, நாள் முழுக்கச் சேர்த்து ஒன்றரைக் கைப்பிடி அரிசி. கூட்டிப் பாருங்கள், 60 கிராம் புரதம் வந்துவிடும்.

முழுதும் சாப்பிடவில்லை என்றால் வற்புறுத்துவதைவிட அடுத்த கிண்ணத்தில் ஒரு கரண்டி நெய்யோ பால் பவுடரோ சேர்ப்பது புத்திசாலித்தனம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு மருந்தைப் பழைய அளவிலேயே எடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும். வேர்வை, கைநடுக்கம், உளறல் தெரிந்தால், நினைவும் விழுங்கும் தெம்பும் இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணி கொடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108.

ஒன்பதாம் படி: ஊட்டுவதும் வைத்திருப்பதும்

படுத்தவாக்கில் ஊட்டக் கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாய் லேசாகக் கீழ்நோக்கி இருக்க, தேக்கரண்டி அளவு கொடுத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். டிவியையும் பேச்சையும் அப்போது நிறுத்திவையுங்கள். சாப்பிட்ட பின் வாயைக் கொப்பளிக்கவோ துணியால் துடைக்கவோ வேண்டும்.

நம் பக்கத்து வெக்கையில் சமைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. முக்கியமாகப் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், உறுப்பு மாற்று செய்தவர் போன்றவர்களுக்குப் பழைய சோறும் நீராகாரமும் இப்போது வேண்டாம்.

வாரம் ஒரு தடவை எடை பாருங்கள், சிறுநீர் நிறத்தைத் தினமும் பாருங்கள். நிறம் அடர்ந்தால் தண்ணீர் போதவில்லை. வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் வயிறு உப்பி வாயுவும் பிரியாமல் வாந்தி வருவது, ஒரு நாள் முழுக்க எதுவும் உள்ளே போகாமல் இருப்பது, சாப்பாட்டுக்குப் பின் மூச்சிரைப்பும் காய்ச்சலும், இவை காத்திருக்கக் கூடாதவை.

பத்தாம் படி: பழைய தட்டுக்குத் திரும்புவது

மருத்துவர் சரி என்ற பிறகு, ஒரு வேளையில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். மதியச் சோற்றைக் கடையாமல் குழைத்துக் கொடுங்கள், இரண்டு நாள் பாருங்கள். அப்புறம் மீனை மசிக்காமல் துண்டாக. அப்புறம் கூட்டு, பொரியல். காரமும் புளியும் அதற்குப் பிறகு. இருமலோ வயிற்று வலியோ வந்தால் கடைசியாக மாற்றியது எது என்று தெரியும், அதை மட்டும் நிறுத்தினால் போதும். வறுத்த மீன், முறுக்கு, பரோட்டா, கணவாய், பனங்கிழங்கு இவற்றைக் கடைசி வரிசையில் வையுங்கள். அதிலும் வறுத்த மீன் வரும்போது முதல் சில தடவை முள்ளை நீங்களே எடுத்துக் கொடுங்கள். பல நாள் மசியல் சாப்பிட்ட வாய், முள்ளைத் தனியே ஒதுக்கும் பழக்கத்துக்குத் திரும்பக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.